செவலைக்கு ஊசி போடச் சொல்லலாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் குஞ்சாக வாங்கி வந்த மூன்று பெட்டைக்கோழிகளில் ஒன்று செவலை. ஆறு வயதாகப்போகிறது. ஒரு வருடமாக முட்டை இல்லை. தீபாவளிக்குப் பிறகு வயிறு வீங்கி, உடம்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு மாதிரி நடக்க ஆரம்பித்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசி வைத்து மஞ்சளாகத் தண்ணீர் எடுத்தார். முட்டைப்பை பக்கம் கட்டி இருக்கிறது, குணமாகாது என்றார். மூன்று வாரம் நன்றாக இருந்தாள். மறுபடி எடுத்தோம், எட்டே நாளில் நிரம்பிவிட்டது. இப்போது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள். ‘தானாப் போகட்டும், ஊசி போட்டு முடிக்கிறது பாவம்’ என்கிறார் மாமியார். ‘அப்பவே குழம்பு வெச்சிருக்கலாம்’ என்கிறார் கணவர், ஆனால் இரண்டு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். பக்கத்து வீட்டு அண்ணன் அறுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஏழாவது படிக்கும் மகள், தான் முறுக்கு கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அழுகிறாள். பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது, அதுவரை தாங்குமா? ஊசி போடச் சொன்னால் நானே கொன்றதாக ஆகுமா? பிறகு புதுக் குஞ்சு வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொங்கல் வரை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கினாலும் தாங்கலாம். ஆனால் தாங்க வைக்காதீர்கள். இந்த வாரத்துக்குள், செவலை ஓரளவு தெம்பாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், டாக்டரை வரவழைத்து முடித்துவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் தடவை எடுத்த தண்ணீர் நிரம்ப மூன்று வாரம் ஆனது. இரண்டாம் தடவை எட்டு நாள். மூன்றாம் தடவை எடுத்தால் அதைவிடக் குறைவான நாள்தான் கிடைக்கும். அந்த மஞ்சள் தண்ணீரோடு உடம்பின் புரதமும் சேர்ந்து வெளியே போகிறது. அதனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூச்சு லேசாகும், உடம்பு கரையும். தராசில் வைத்துப் பார்த்து எடை குறையவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது, வயிற்றில் சேரும் தண்ணீர் அந்த எடையை ஈடுகட்டிவிடும். நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் ஓடும் எலும்பின் இரு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனையாகக் கையில் தட்டுப்பட்டால், செவலை தன் சதையைத் தின்றுதான் நாளைக் கழிக்கிறாள் என்று பொருள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள் என்ற வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கோழிக்கு நம்மைப்போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. நுரையீரலோடு சேர்ந்து ஒன்பது காற்றுப்பைகள் இருக்கின்றன, அவற்றில் சில வயிறு வரை இறங்குகின்றன. வயிற்றில் தண்ணீர் கட்டினால் அந்தப் பைகள் நசுங்கிவிடும். வெயிலில் ஓடிவந்த கோழி வாயைத் திறந்து இரைப்பது வேறு, மார்கழிக் குளிரில் சும்மா உட்கார்ந்திருக்கும் கோழி இரைப்பது வேறு. இரண்டாவது, மூச்சுத் திணறல். கோழி கத்தாது, முனகாது. தான் நோயாளி என்பதை மறைப்பது அதன் பிறவிக் குணம், காட்டில் தள்ளாடும் கோழியைத்தான் பருந்து முதலில் பார்க்கும். ஆகவே வெளியே இவ்வளவு தெரிகிறது என்றால் உள்ளே அதைவிட அதிகம் இருக்கிறது.

இதனால் ஒரு எச்சரிக்கை. அவளைத் தூக்கும்போது நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடிக்காதீர்கள். நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் கோழிக்கு மூச்சு, பிள்ளைகள் ஆசையாகக் கட்டிப்பிடிப்பதே மூச்சை அடைத்துவிடும். மல்லாக்கப் புரட்டக் கூடாது. காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கும் சந்தைப் பழக்கம் எந்தக் கோழிக்கும் ஆகாது, செவலைக்கு அது அந்த நிமிடமே முடிவாகிவிடும். கீழே ஒரு கை, இறக்கைகளின் மேல் லேசாக ஒரு கை, உடம்பு நிமிர்ந்த வாக்கில் இருக்கட்டும்.

இந்தப் பகுதியைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சொல். கோழி உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாலே சாகப்போகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடைக்கு உட்கார்ந்த கோழியும் அப்படித்தான் இருக்கும். இறகு உதிர்க்கும் கோழி வாரக்கணக்கில் சோர்ந்து, முட்டையை நிறுத்தி, பார்க்கவே பரிதாபமாக இருந்துவிட்டுப் புது இறகோடு எழுந்துவிடும். பேன், செள், குடற்புழு, முட்டை அடைப்பு, தீனிப்பை அடைப்பு எல்லாம் வைத்தியத்துக்கு வரும். காலையில் எழுந்ததும் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவில் காலியாகியிருக்க வேண்டும். கல்லாக இருந்தால் அடைப்பு, அதை உடனே காட்டுங்கள். செவலையின் விஷயம் இவற்றில் சேராது. உங்கள் டாக்டர் தண்ணீரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

இது ஏன் வருகிறது என்பதை உங்கள் மகளுக்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன், படித்துக் காட்டுங்கள். பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்கிறது. முட்டையிடும் பருவத்தில் ஏறக்குறைய 25 மணி நேரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு மஞ்சள் கரு விடுபடுகிறது, ஒவ்வொரு முறையும் அந்த இடம் கிழிந்து ஆற வேண்டும். உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் கூவுகிறதே சாம்பல் காட்டுக்கோழி, அதன் பெட்டை ஒரு ஈட்டுக்கு நாலோ ஏழோ முட்டை இட்டு அடைகாக்கப் போய்விடும். நாம் வளர்க்கும் முட்டைக்கோழியை வருடத்துக்கு 300 முட்டை வரை இடும்படி மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து மாற்றியிருக்கிறான். வயதான பெட்டைகளுக்குச் சூலகத்திலும் முட்டைக்குழாயிலும் கட்டி வருவது அவ்வளவு சாதாரணம் என்பதால்தான், பெண்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயை ஆராய்பவர்கள் கோழியை வைத்து ஆராய்கிறார்கள். சில கோழிகளுக்கு மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடிக்கும், அப்போதும் இதேபோலத் தண்ணீர் கட்டும். இதில் முறுக்குக்கு எங்கே இடம்? முறுக்கு தின்றதால் சூலகத்தில் கட்டி வராது. (செவலையின் கால் மஞ்சளாக இருந்தால் அவளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். வீட்டுக்கோழிக்கு முக்கிய மூதாதை செங்காட்டுக்கோழிதான் என்றாலும், அந்த மஞ்சள் தோலுக்கான மரபணு நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008 இல் கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்குப் பிடிக்கும்.)

அதே நேரம், கடைசி நாட்களில் ஆசைக்குக் கொடுக்கிறோம் என்று பட்டர் ஃப்ரூட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நம் மலையில் கொல்லைக்குக் கொல்லை காய்க்கிறது, பறவைகளுக்கு அது நஞ்சு. தயிர்சாதம், வேகவைத்த முட்டை, ஊறவைத்த கம்பு, மண்புழு, எதைத் தின்கிறாளோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாயில் திணிக்க வேண்டாம், மூச்சு வாங்கும் கோழிக்குப் புரையேறிவிடும்.

வலிக்கு மருந்து உண்டு. மெலாக்சிகம் சொட்டு மருந்தை டாக்டர் எடைக்குத் தக்கபடி அளந்து கொடுப்பார். வீட்டில் பெரியவர்களின் மூட்டு வலிக்கு வாங்கிவைத்த மாத்திரையில் கால் துண்டு என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ இருக்கும். டைக்ளோஃபெனாக் கோழியின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைக் கால்நடைகளுக்குத் தரக் கூடாது என்று 2006 இலேயே தடை செய்தார்கள், 2023 இல் அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் சேர்த்தார்கள். காரணம், அந்த மருந்து தங்கிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் நாடு முழுக்கச் செத்து விழுந்தன. மிச்சம் இருப்பவற்றில் ஒரு கூட்டம் உங்களுக்குக் கீழே, சீகூர், மாயாறு பக்கம்தான் கூடு கட்டுகிறது.

குளிருக்குப் பெட்டியில் வைக்கோல் போட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு ஓரத்தில் வையுங்கள், வேண்டுமானால் அவளே நகர்ந்து சாய்வாள். இப்போது கடையில் கிடைக்கும் எல்ஈடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. கதவைச் சாத்திய அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மலையில் வருடா வருடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் புகை கோழியோடு சேர்த்து உங்களையும் எடுத்துக்கொள்ளும்.

இனி மாமியார் சொன்னது. அவர் சொல்வதை நான் தள்ளவில்லை. மாடு வைத்திருந்த வீடுகளில் வயதான பசுவைத் தானாகப் போகவிடுவதுதான் வழக்கம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் அம்மாவிடம் மெல்ல ஒன்று கேட்டுப் பாருங்கள். செவலையை நாம் தானாகப் போக விட்டோமா? காட்டில் இருந்திருந்தால் வயிறு கனத்த முதல் வாரமே நரியோ கீரியோ கொண்டுபோயிருக்கும். நாம் கூண்டுக்குள் வைத்துக் காத்தோம், அடுப்படியில் படுக்க வைத்தோம், இரண்டு முறை தண்ணீர் எடுத்து நாளை நீட்டினோம். எல்லாம் அன்பில் செய்ததுதான், தப்பே இல்லை. ஆனால் இவ்வளவும் செய்த பிறகு கடைசிக் கட்டத்தை மட்டும் இயற்கையிடம் விடுகிறேன் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த நோயில் ‘தானாகப் போவது’ பெரும்பாலும் உறக்கத்தில் நடப்பதில்லை. ஒரு ராத்திரி மூச்சு முட்டி, கொண்டை நீலம் பாய்ந்து, இறக்கையை அடித்துக்கொண்டு, விடியும்வரை இழுத்துக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் எந்த டாக்டரும் கிடைக்க மாட்டார். உங்கள் மகள் பக்கத்தில் படுத்திருப்பாள்.

நானே கொன்றதாக ஆகுமா என்றால், முடிவெடுத்தவர் நீங்கள் என்பது உண்மைதான், அதைப் பூசி மெழுக மாட்டேன். செவலை பிழைப்பாளா என்பது உங்கள் கையில் இல்லை. அந்த ராத்திரி அவளுக்கு வேண்டுமா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதைச் சுமப்பது கஷ்டம் என்று தெரிகிறது. உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து சுமப்பார் என்று நினைக்கிறேன். குழம்பு வைத்திருக்கலாம் என்று பேசுகிறவர், இரண்டு முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற மாட்டார்.

நாள் குறிப்பதற்கு இன்னும் மனம் வரவில்லை என்றால், செவலைக்கு மிகவும் பிடித்த மூன்று காரியங்களை மகளையே சொல்லச் சொல்லுங்கள். அரிசி டப்பா சத்தம் கேட்டதும் ஓடிவருவது, வெயிலில் மண்குளியல் போடுவது, பொழுது சாயும்போது உயரத்தில் ஏறி உட்காருவது, இப்படி ஏதாவது இருக்கும். அதில் இரண்டு நின்றுபோயிருந்தால் மூன்றாவதுக்காகக் காத்திருக்க வேண்டாம். எச்சம் கரும்பச்சையாக, வெறும் தண்ணீராக வந்தால் அது பட்டினியின் நிறம். கொண்டை நுனி நீலமாகிக்கொண்டு வந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள்.

பொங்கலுக்கு முன்னா பின்னா என்பதில் என் கவலை இதுதான்: விருந்தினர் வந்த வீட்டில், பண்டிகை விடுமுறையில், மருந்தகம் பூட்டியிருக்கும்போது அவளுக்கு முற்றினால் உங்களுக்கு வழியே இருக்காது. நாத்தனார் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கே, எப்படி? கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகட்டுமா என்று நினைக்கலாம். வேண்டாம். மூச்சுத் திணறும் கோழியைப் பெட்டியில் வைத்துக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்கினால் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதே சந்தேகம், போய்ச் சேர்ந்தாலும் அங்கே சொல்லப்போவதும் இதைத்தான். தண்ணீர் எடுத்த அதே டாக்டரைக் கேளுங்கள், மாட்டுக்கு வரும் வழியில் உங்கள் வீட்டுக்கும் ஒரு எட்டு வரச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் அழைக்கலாம். ‘ஒரு கோழிக்கா?’ என்று யாராவது சிரித்தால் கூச்சப்பட வேண்டாம். ‘முதலில் மயக்க ஊசி போடுவீர்களா?’ என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முறை இதுதான்: நெஞ்சுச் சதையில் ஒரு மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை தொங்கிக் கண் மூடிவிடும், கால்விரலைக் கிள்ளினாலும் இழுக்க மாட்டாள். அதன் பிறகு இறக்கைக்கு அடியில் ஓடும் நாளத்தில் இரண்டாவது மருந்து, நாளம் படாவிட்டால் மயக்கத்திலேயே வேறு இடத்தில். இதயம் நின்றுவிடும். நின்ற பிறகும் இறக்கை சில நொடி படபடக்கலாம், கால் உதைக்கலாம். அது நரம்பின் அசைவு, வலி இல்லை. இதை மகளுக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படபடப்புதான் அவள் மனதில் தங்கும்.

மகள் பக்கத்தில் இருக்கலாமா என்பதை அவளே சொல்லட்டும். பள்ளிக்கூடம் போயிருந்தபோது ரகசியமாக முடித்துவிட்டு, ‘ஓடிப்போயிட்டா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாரக்கணக்கில் தேயிலைக் காட்டில் தேடிக்கொண்டிருக்கும். ‘தூங்க வைத்தோம்’ என்றும் வேண்டாம், செத்துப்போனாள் என்றே சொல்லுங்கள்.

டாக்டர் எந்த வகையிலும் கிடைக்கவில்லை, மூச்சு முட்டிவிட்டது என்றால் பக்கத்து வீட்டு அண்ணனை நான் மறுக்க மாட்டேன். கை பழகியவர் ஒரே நொடியில் முடிப்பது, மூன்று ராத்திரி வேடிக்கை பார்ப்பதைவிட நல்லது. பழகாதவர் முயலக் கூடாது. தண்ணீரில் அமுக்குவது, தூக்க மாத்திரை கரைத்து ஊற்றுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது, காட்டோரம் விட்டுவிட்டு வருவது, இவை எல்லாம் கொடுமை. யார் கையால் போனாலும் அந்தக் கறியைச் சமைக்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. நோய் கண்ட உடம்பு, போட்ட மருந்துகள் வேறு. அண்ணனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சங்கடம் வேண்டாம்.

ஊசி மருந்து செத்த உடம்பிலும் அப்படியே இருக்கும். அதைத் தோண்டித் தின்னும் நாயும் நரியும் செத்துப்போகலாம். ஆகவே சரிவில் வீசக் கூடாது, மூன்றடி ஆழம் தோண்டி, ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மேலே கனமான கற்களை அடுக்குங்கள். உங்கள் பக்கம் கரடியும் காட்டுப்பன்றியும் வருகின்றன என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதைப்பதற்கு முன் வயிற்றைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாம், மகள் இல்லாத இடத்தில். கட்டியைக் கண்ணால் பார்த்தவர் சொன்னால் முறுக்குப் பேச்சு அன்றோடு முடிந்துவிடும்.

மற்ற இரண்டு பெட்டைகளுக்கும் இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. டாக்டர் வரும் நாள் வரை செவலையைத் தனியறையில் அடைக்காமல், நடுவில் கம்பிவலை வைத்து அவை கண்ணில் படும்படி வையுங்கள். சேர்த்து விட்டால் கொத்திவிடும், தனியே விட்டால் ஏங்கிவிடும். ஆனால் இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்துத் திடீரென்று செத்தால் அது வேறு விஷயம், வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட்டாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். கையால் தொடாமல் மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

புதுக் குஞ்சு தாராளமாக வாங்கலாம், பங்குனி பிறக்கட்டும். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும், தை மாதத்தில் உங்கள் ஊரில் அதைக் கொடுப்பதற்குள் கரன்ட் பில் பயமுறுத்திவிடும். ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டு மூன்றாக வாங்குங்கள். ஏழாம் நாள் ராணிக்கெட்டுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் அதே நோய்க்கு இறக்கையில் ஊசி. உங்கள் பழைய பெட்டைகளோடு விடுவதற்கு முன் உடம்பளவில் கொஞ்சமாவது தேறியிருக்கட்டும்.